மாரீஸ்வரி டாக்டரிடம் சொல்லாமல் விட்டது

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்குள் வேலை நடக்கிறது என்றால் ரோட்டிலிருந்தே மாரீஸ்வரியின் குரல் கேட்கும். கொடிக் குச்சிகளைக் கவாத்து வெட்ட ஏழெட்டுப் பெண்கள் நின்றால் அத்தனை பேர் பேச்சையும் இவள் ஒருத்தியே பேசித் தீர்த்துவிடுவாள். பழம் எடுக்க வந்த வியாபாரி கொத்தைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், "நல்லாயில்லைன்னா கைய எடுங்க. பாத்துக்கிட்டே நின்னா இனிச்சிருமா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். பஞ்சாயத்துத் தலைவரோ மோட்டார் மெக்கானிக்கோ உரக்கடைக்காரரோ, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் ஊரில் குறைவு. அப்படிப்பட்ட பொம்பளை தேனியில் ஒரு டாக்டருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பிறந்த ஊர் ஆண்டிபட்டி. பிறவியிலேயே இடது கைப் பழக்கம். சின்ன வயதில் சோற்றில் இடது கையை வைத்த போதெல்லாம் அவளுடைய அப்பா புறங்கையில் ஒரு போடு போடுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன் பங்குக்குப் பிரம்பை எடுத்தார். இப்படியாக அவளுடைய வலது கை சோறு தின்னவும், எழுதவும், திருநீறு வாங்கவும், வந்தவர்களுக்குத் தண்ணீர்ச் செம்பு நீட்டவும் பழகிக்கொண்டது. அருவாள் பிடிப்பது, வாசல் கூட்டுவது, தேங்காய் துருவுவது எல்லாம் இடது கையிலேயே நின்றுவிட்டன. நாலு பேர் பார்க்கிற காரியத்துக்கு ஒரு கை, பாடுபடுகிற காரியத்துக்கு இன்னொரு கை. இதில் விசேஷம் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே கிடையாது.

கல்யாணமாகிச் சுருளிப்பட்டிக்கு வந்த பிறகுதான் அவள் பந்தலைப் பார்த்தாள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கூரை போல் படரவிட்ட பன்னீர் திராட்சை. அங்கே வேலை முழுக்கத் தலைக்கு மேலேதான். கவாத்து வெட்டுவதும், தளிரைக் கம்பியோடு கட்டுவதும், கொத்து அறுப்பதும், எதுவானாலும் அண்ணாந்து பார்த்துக் கையை உயர்த்தியபடியே செய்யவேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் வாரம் கழுத்து திரும்பாது. மாரீஸ்வரிக்கு அந்த வேலை ஏனோ பிடித்துப்போய்விட்டது. எந்தக் கணுவுக்கு மேலே கத்தரியை வைத்தால் கொத்து இறங்கும் என்பது அவளுக்குச் சீக்கிரமே அத்துப்படி.

அவள் புருஷன் அழகுமலை வலது கைக்காரர். இரண்டு பேரும் ஒரே வரிசைக்குள் தோளோடு தோள் நின்று வெட்டிக்கொண்டே போவார்கள். அவர் வலது பக்கக் கொடியைப் பார்த்துக்கொள்வார், அவள் இடது பக்கம். கத்தரியோடு கத்தரி இடிக்காது. "எங்க மாமனாரு பொண்ணக் குடுக்கல, எனக்கு இன்னொரு கையக் குடுத்திருக்காரு" என்று டீக்கடையில் அவர் பீற்றிக்கொள்வது உண்டு. மகள் திரிஷா படித்து முடித்துத் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு, வீட்டிலும் பந்தலிலும் அவர்கள் இரண்டு பேர்தான்.

போன வருஷம் சித்திரை அறுப்பு முடிந்த சமயம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி அவள் கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் கொஞ்ச நாள் சும்மா விட்டாள். பிறகு மகளிடம் போனில் வாய்தவறிச் சொல்லிவிட, அந்தப் பெண் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி அப்பாவைக் கிளப்பிவிட்டாள். தேனியில் பழனிசெட்டிபட்டி தாண்டி ஒரு ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான் என்று வந்தது. ஆரம்ப நிலை, பயப்படவேண்டாம், ஆனால் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சர்ஜன் கிருபாவதியிடம் அனுப்பினார்கள்.

கிருபாவதிக்கு வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். தன்மையான ஆள், ஆனால் வெளியே கூட்டம் வழிந்தது. கேட்கவேண்டியதை எல்லாம் வேகமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. வீட்டுலதான் இருக்கேன்" என்றாள் மாரீஸ்வரி.

அட, அன்று விடியற்காலையில்கூட அரை வரிசை வெட்டி முடித்துவிட்டு, குளித்து, சேலை மாற்றிப் பஸ் ஏறி வந்தவள் அவள்! பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களை யார் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். வேலை என்றால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மில். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் சொந்தப் பந்தலிலும் அடுத்தவர் பந்தலிலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதெல்லாம் கணக்கில் வராது. டாக்டரும் 'வீட்டில் இருப்பவர்' என்று குறித்துக்கொண்டார்.

பிறகு அவர் நிதானமாகத்தான் சொன்னார். "ரெண்டு வழி இருக்கு. கட்டியையும் அதைச் சுத்திக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துட்டு, அப்புறம் மதுரையில சில வாரம் கரண்ட் வைக்கிறது, அதான் கதிர்வீச்சு, ஒண்ணு. மார்பை முழுசா எடுத்துடறது இன்னொண்ணு. உங்க நிலைமைக்கு உயிர் பிழைக்கிறதுல ரெண்டும் ஒண்ணுதான்."

மாரீஸ்வரி வாயெடுப்பதற்குள் அழகுமலை முந்திக்கொண்டார். "முழுசாவே எடுத்துருங்கம்மா. துளி மிச்சம் வைக்காதீக. நோய் விழுந்த கொடிய வேரோட புடுங்கி எறிஞ்சாத்தான் தோட்டம் தப்பிக்கும். மதுரைக்கும் இங்கனைக்கும் அலைய இவளால ஆகாது."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நீங்க பாத்து எப்படிச் செஞ்சாலும் சரிங்கம்மா."

"சரி. முழுசா எடுக்குறப்போ அக்குள்ல இருக்க நெறி கட்டுற முடிச்சுகளையும் சேத்து எடுத்துடுவேன். நோய் பரவுறது மொதல்ல அந்த வழியாத்தான். அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துக் கை சிலருக்கு வீங்கும். மேல தூக்குறதுக்குச் சிரமமா இருக்கும், பயிற்சி செய்யணும். கனம் தூக்கக்கூடாது, வெட்டுக்காயம் படக்கூடாது." கையெழுத்து வாங்கிய தாளைப் பார்த்துக்கொண்டே டாக்டர் சொன்னார், "நல்லவேளை, இடது பக்கம். வலது கைக்காரங்களுக்கு அது பெரிய தொந்தரவா இருக்காது."

கையெழுத்தை அவள் வலது கையால்தான் போட்டிருந்தாள். டாக்டர் நீட்டிய சீட்டை வலது கையால்தான் வாங்கியிருந்தாள். பெரிய மனுசி முன்னால் இடது கையை நீட்டுவாளா? மடியில் கிடந்த அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்கம்மா" என்றாள். அடுத்த வாரம் வந்து அட்மிட் ஆகச் சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் வரைக்கும் அவள் பேசவில்லை. அழகுமலைக்கு அதுவே பயமாக இருந்தது. "ஏ மாரி, டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் பந்தலுக்குள் நின்று கத்தரியை வலது கைக்கு மாற்றிப் பார்த்தாள். கத்தரி என்னவோ வலது கைக்கென்றே செய்ததுதான். இத்தனை காலமும் அதை இடது கையில் திருப்பிப் பிடித்தே வெட்டிப் பழகியவளுக்கு இப்போது எங்கே அழுத்தவேண்டும் என்றே தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்ததில் துளிர் விடவேண்டிய நல்ல கண்ணோடு சேர்ந்து குச்சி விழுந்தது. இன்னொன்றை நசுக்கிவிட்டாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. மார்பு போவதைவிட இந்தக் கை போவதுதான் அவளுக்கு நெஞ்சைப் பிசைந்தது.

"ஏங்க, நான் பீச்சாங்கைக்காரின்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள்.

அழகுமலை வெட்டுவதை நிறுத்தவில்லை. "அதச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அவுக வலது கைன்னு நெனச்சுத்தான் பரவாயில்லைன்னு சொன்னாக. இந்தக் கை மேல வராட்டி நான் எங்கிட்டுப் பந்தலுக்குள்ள நிக்கிறது? திரும்பப் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வருவோம்."

"வேலையப் பாரு. நாள் குறிச்ச பெறகு அது என்ன, இது என்னன்னு போயி நின்னா அவுக கோவிச்சுக்கிருவாக. உசுர அவுக கையில ஒப்படைக்கப் போறோம். அவுக மனசு கோணுறாப்புல நடக்கலாமா?"

அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. கேள்வி கேட்டால் டாக்டருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கவனமாகப் பார்க்கமாட்டார் என்கிற பயம் அவளுக்கும் இருந்தது. இரண்டு நாள் அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு வயர் கூடையோடு வாசலில் நின்றாள். "வாரதுன்னா வாங்க. இல்லைன்னா நான் போயிட்டு வாரேன்." அழகுமலை முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார். தேனி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் அறைக்குள் போனதும் பழைய கதைதான். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, அடுத்த வாரம்தானே வரச் சொன்னோம்? ஏதாவது தொந்தரவா?"

மாரீஸ்வரி கூடையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். டாக்டர் பார்வை அழகுமலையிடம் போனது.

"ஒண்ணுமில்லீங்கம்மா. சும்மா பயப்படுறா. நீங்க ஒரு வார்த்த தைரியம் சொன்னீகன்னாப் போதும்."

பயப்படுகிறாளாம்! அதைக் கேட்டதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கூடைக்குள் கையை விட்டுக் கவாத்துக் கத்தரியை வெளியே எடுத்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜான்சி "ஐயோ" என்று பின்னால் நகர்ந்தாள். மாரீஸ்வரி எழுந்து நின்று, அண்ணாந்து, கத்தரி பிடித்த இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மின்விசிறிக்குக் கீழே இல்லாத கொடியைச் சடக் சடக்கென்று வெட்டிக் காட்டினாள்.

"இப்படித்தாம்மா நான் நாள் பூரா நிக்கிறது. இந்தக் கைதான் வெட்டும். அந்தக் கை சோறு திங்கவும் கையெழுத்துப் போடவுந்தான். திராட்சைப் பந்தல்ல வேலை பாக்குறேன்மா. எங்க பந்தல், ஊர்ல இருக்கவுக பந்தல், எல்லாத்துலயும் நாந்தான் கவாத்து. வீட்டுல சும்மா இல்ல."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது நிஜந்தான்.

"ஏம்மா, இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? என்ன வேலைன்னு நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீகம்மா. என் தப்புதான்."

டாக்டர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் தணிந்தது. "எந்தக் கைப் பழக்கம்னு நானும் கேட்டிருக்கணும். கையெழுத்தைப் பாத்து நானே முடிவு பண்ணிட்டேன். உக்காருங்க. கத்தரியை உள்ள வைங்க, ஜான்சி பயந்துட்டா."

அழகுமலையின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும்ல? நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

அந்த மனுஷனுக்கு முகம் கோணிப்போனது. "தெரியும்மா. எனக்குப் பயமா இருந்துச்சு. கைய நெனச்சு எதையாவது மிச்சம் வச்சு, அதுலருந்து திரும்ப வந்துருச்சுன்னா? பந்தல் போனாப் போகுது, இவ இருந்தாப் போதும்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாரீஸ்வரிக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

டாக்டர் நாற்காலியை அவளுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே, நீங்களும் கேளுங்க. இது கொடி இல்ல. முழுசா எடுத்தா உயிருக்குக் கூடுதல் பாதுகாப்பு, பாதி எடுத்தாக் குறைச்சல்னு இவங்க விஷயத்துல கிடையாது. கட்டியை மட்டும் எடுத்துட்டுக் கரண்ட் வச்சாலும் அதே பலன்தான். அதே இடத்துல திரும்ப வர வாய்ப்பு கொஞ்சம் இருக்கு, அதனால வருஷா வருஷம் வந்து காட்டணும். மாரீஸ்வரி, மார்பை என்ன செய்யலாம்?"

"இருந்தா இருக்கட்டுமேம்மா. என்னோடதுதான?"

அழகுமலை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப மதுரைக்கு அலையணுமே, வாரத்துல அஞ்சு நாள்?" என்றார் டாக்டர்.

"ஆண்டிபட்டியில எங்க அண்ணன் வீடு இருக்கு. அங்கன தங்கிக்கிட்டுப் போயிட்டு வந்துருவேன். மதுரைக்கு நெனச்ச நேரம் பஸ்சு." இத்தனை நாளும் அவளிடம் யாரும் இதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"நல்லது. இப்பக் கைக்கு வருவோம். கை வீங்குறது அக்குள்ல முடிச்சுகளை எடுக்குறதாலதான். ஸ்கேன்ல உங்களுக்கு அது சுத்தமாத்தான் தெரியுது. ஆனா ஸ்கேன் எல்லாத்தையும் காட்டாது. ஒரு வழி இருக்கு. மார்புல நீலச் சாயம் செலுத்தினா, அது மொதல்ல எந்த ரெண்டு மூணு முடிச்சுக்குப் போகுதோ அதுகளை மட்டும் எடுத்து, ஆபரேஷன் நடக்கும்போதே பரிசோதிச்சுப் பாக்கலாம். சுத்தமா இருந்தா மத்ததைத் தொடவேண்டாம். அந்த வசதி இங்க இல்ல. மதுரையில நான் போய்ச் செய்யிற ஆஸ்பத்திரியில இருக்கு."

"கைக்கு ஒண்ணும் ஆகாதாம்மா?"

"அப்படி நான் சத்தியம் பண்ணமாட்டேன். வீங்குற வாய்ப்பு ரொம்பக் குறையும். அவ்வளவுதான் சொல்லுவேன்." டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். "இன்னொண்ணும் பேசணும். அந்த முடிச்சுகள்ல நோய் இருந்துட்டா? ஒண்ணுல லேசா இருந்தா விட்டுட்டுக் கரண்டுல பாத்துக்கலாம். எடுத்த எல்லாத்துலயும் இருந்துச்சுன்னா, மத்ததையும் எடுக்குறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன். அப்பக் கைக்குச் சிரமம் வரலாம். அந்த நேரம் நீங்க மயக்கத்துல இருப்பீங்க. வெளிய வந்து உங்க வீட்டுக்காரரைக் கேக்கவா?"

"அவரக் கேக்காதீகம்மா. என்னையக் கேளுங்க. இப்பவே கேளுங்க."

"சரி. உங்களையே கேக்குறேன். எல்லாத்துலயும் இருந்துட்டா என்ன செய்யணும்?"

மாரீஸ்வரி தன் இடது கையை மடியில் வைத்து, வலது கையால் தடவிக்கொடுத்துக்கொண்டே யோசித்தாள். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டிப் பார்த்தார். அவரைக் காத்திருக்கச் சொல் என்று டாக்டர் ஜான்சிக்குச் சைகை காட்டினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இருந்துச்சுன்னா எடுத்துருங்க. இல்லைன்னாத் தொடாதீக. கை வராட்டியும் எப்படியாவது பொழச்சுக்கிருவேன். நான் இல்லைன்னா இந்த மனுசன் என்னத்தச் செய்வாரு? வெந்நிகூட வைக்கத் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். டாக்டர் அவள் சொன்னதை அப்படியே எழுதி, அவளிடம் ஒரு தடவை படித்துக் காட்டினார்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அழகுமலையும், திருப்பூரிலிருந்து வந்திருந்த திரிஷாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்ததும் அழகுமலை ஓடினார். "நல்லபடியா முடிஞ்சது. நல்லா இருக்காங்க. மீதி விவரத்தை அவங்க முழிச்சதும் அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் உங்ககிட்டச் சொல்லுவேன்" என்றார் கிருபாவதி. அழகுமலை திரும்பிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மயக்கம் தெளிந்து மாரீஸ்வரி முழுசாகக் கண் திறந்தபோது டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். இடது தோளிலிருந்து விலா வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது.

"மாரீஸ்வரி, நான் சொல்றது புரியுதா?"

"புரியுதும்மா."

"கட்டியைச் சுத்தமா எடுத்தாச்சு. மார்பு இருக்கு. நீலமா வந்தது மூணு முடிச்சு. மூணுலயும் இருந்துச்சும்மா. அதனால மத்ததையும் எடுக்க வேண்டியதாப் போச்சு."

அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கண்ணோரம் வழிந்த தண்ணீர் காதுக்குள் இறங்கியது. இடது கை விரல்களை மெதுவாக மடக்கினாள், விரித்தாள். வலித்தது.

"கையைக் காப்பாத்தணும்னுதான் இவ்வளவு பேசினோம்" என்றார் டாக்டர். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"நீங்க ஏம்மா வருத்தப்படுறீக? நாஞ் சொன்னதத்தான செஞ்சிருக்கீக" என்றாள் மாரீஸ்வரி. "வெளிய அவுக ரெண்டு பேரும் உக்காந்திருப்பாக. வரச் சொல்லுங்க. நானே சொல்லிக்கிறேன்."